அசையாமல் கிடக்கிறவள்

பிணத்துக்கு மூக்கு அரித்தால் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது, பேசாமல் கிடக்கும். பிணத்துக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான் என்று ஆவுடையம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு அரிப்பு இரண்டு மடங்காயிற்று. மூக்கின் இடது மடலில், மூக்குத்திக்குக் கொஞ்சம் கீழே, எறும்பு குடியேறின மாதிரி. எறும்பேதானோ என்னவோ. பெஞ்சின் மேல் விரித்திருப்பது பள்ளிக்கூடத்துப் பாய், பிள்ளைகள் உட்கார்ந்து மத்தியானம் சாப்பிடுகிற பாய், அதில் எறும்பு இல்லாமல் யானையா இருக்கும். சிரிப்பு வரப் பார்த்தது. சிரிப்பு இன்னும் ஆபத்து. அரிப்பு மூக்கோடு நிற்கும், சிரிப்பு வயிற்றை ஆட்டிவிடும். வயிற்றில்தான் அவள் மூச்சை ஒளித்து வைத்திருந்தாள். நெஞ்சால் மூச்சு விட்டால் கடைசி வரிசைக்கும் தெரியும்; அடிவயிற்றால் விட்டால் மேலே போர்த்தின கோடிச் சேலை அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிக்கொள்ளும். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. நெற்றியில் குங்குமம் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் மூத்த மகன் வேஷத்தில் ஜோயல் நின்று, வீடு யாருக்கு என்று சொல்லாமல் போய்விட்டாயே என்று அழுகிற சாக்கில் சண்டைக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தான். ஜோயல் பகலில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், அழுதாலும் விசில் அடித்த மாதிரியே இருக்கும். மேலே தகரக் கூரை, தகரத்தின் மேல் கார்த்திகை மழை. பாளையங்கோட்டையில் இப்படியொரு மழையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எவன் நாடகம் பார்க்க வருவான். வந்திருக்கிறானா? திரை விலகுமுன்பே செத்துப்போய்விட்டதால் அவள் யாரையும் பார்க்கவில்லை. காதால்தான் பார்க்க வேண்டும். ஒரு இருமல் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்தது. குடையை உதறினார்கள். இருமினவனே நாற்காலியை நகர்த்தி, அவனே குடையையும் உதறியிருந்தால்?

அவளுக்கு வேண்டியது பெரிய கூட்டம்கூட இல்லை. அரிசி போட ஆள் வர வேண்டும், அவ்வளவுதான். இந்த நாடகத்தின் உயிர் அங்கேதான் இருந்தது. பிள்ளைகள் மூன்றுபேரும் தாயின் தலைமாட்டில் நின்று அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு, ஊர்ப் பெரியவர் வேஷத்தில், குழுவை நடத்துகிற சமுத்திரபாண்டி அண்ணாச்சி பித்தளைத் தட்டில் அரிசியோடு மேடை விளிம்புக்கு வந்து, வாய்க்கரிசி போடுகிறவர்கள் வந்து போடலாம் என்று கூப்பிடுவார். மேடையில் உள்ளவர்களை அல்ல, கீழே உட்கார்ந்திருக்கிறவர்களை. அவர்கள் எழுந்து படியேறி வந்து, தட்டில் ஒரு சிட்டிகை அள்ளி, செத்துக் கிடக்கிற ஆவுடையின் வாயில் போட்டுவிட்டுப் போக வேண்டும். போடுகிறவர்கள் போட்டு முடிந்ததும் அவள் சடாரென்று எழுந்து உட்கார்ந்து, ‘ஒரு வாய் சோறு கேட்டேனே, உயிரோட இருக்கையில ஒருத்தராவது தந்தியளா’ என்று கேட்டுவிட்டு, மறுபடியும் படுத்துக்கொள்வாள். விளக்கு அணையும். ஆரம்பத்தில் எல்லாம் கூட்டம் வரிசை கட்டும். போடப் பயந்தவர்களும் முன்னால் ஒருவர் போனால் பின்னாலேயே போவார்கள், கல்யாணப் பந்தியில் எழுந்திருக்கிற மாதிரி. போன மாதம் கோவில்பட்டியில் ஒருத்தரும் வரவில்லை. அண்ணாச்சி தட்டோடு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அந்த அமைதியில் அவள் கிடந்தாள். அப்படி ஒரு கிடப்பு எந்தப் பிணத்துக்கும் வரக் கூடாது. எவனோ பின்னாலிருந்து, ‘பாட்டிக்கு சுகர் போல, அரிசி ஆவாது’ என்றான், சிரித்தார்கள். மகள் வேஷம் போட்ட மெர்சிதான் சமாளித்து, தானே அரிசியை எடுத்துப் போட்டு, ஒருவழியாகக் காட்சியை முடித்தாள். திரும்புகிற வேனில் கயத்தாறு தாண்டின பிறகு அண்ணாச்சி முன் சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “சொந்த ஊர்ல ஒரு தடவை போட்டுப் பாப்போம். அங்கயும் ஒருத்தனும் படி ஏறலைன்னா பாயைச் சுருட்டிருவோம்.” இதைச் சொல்லிவிட்டு டிரைவரிடம் டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொன்னார். டீ குடிக்கையில் எல்லாரும் வடையைப் பற்றித்தான் பேசினார்கள்.

மூக்கு. மூக்கை மறக்க வேண்டும் என்றால் வேறு ஏதாவது உறுப்பை நினைக்க வேண்டும். உதட்டை நினைத்தாள். உதடு லேசாகத் திறந்திருக்கிறதா? இறுக்கி மூடினால் கோபத்தில் இருக்கிற பெண்பிள்ளை மாதிரி இருக்கும், ரொம்பத் திறந்தால் தூங்குகிற மாதிரி. நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அம்மாவின் உதட்டில் பார்த்தது. அம்மாவுக்கு அரிசி போடுகையில் அரிசி உள்ளே போகாமல் உதட்டோரம் ஒட்டி நின்றது. அவள் விரலால் தட்டிவிடப் போனாள், பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த உதட்டைத்தான் இப்போது போட்டுக்கொண்டு கிடக்கிறாள். அத்தைக்குத் தெரிந்தால் அதற்கும் ஒன்று சொல்வாள். அத்தை, அதாவது மாமியார், இன்றைக்குக் காலையில் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள்: தாலி கழுத்தில் கிடக்கிறவள் பொணமாய்க் கிடந்தால் அது கட்டினவன் ஆயுசைத்தான் தின்னும், நான் சொல்லி யார் கேக்கா. சுவர் பதில் சொல்லவில்லை. ஆவுடையும் சொல்லவில்லை. சொல்லியிருப்பாள், முன்னே என்றால் சொல்லியிருப்பாள், உங்க மகன் ஆயுசு பேக்கரி அடுப்பு முன்னால ராவும் பகலும் வேகுதே, அதைக் கேளுங்க என்று. போன வருஷம் ஐப்பசிக்குப் பிறகு சொல்ல முடியவில்லை. அந்த ஐப்பசியில்தான் அவள் புருஷன் பலவேசத்துக்கு நெஞ்சு வலி வந்தது. கேக் அடிக்கிற மேசையில் அப்படியே சாய்ந்துவிட்டார், நெற்றியெல்லாம் மாவு. ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வலி வந்ததற்கு நான்கு நாள் முன்னால் அவள் வள்ளியூரில் செத்துக் கிடந்திருந்தாள், கோவில் கொடைத் திருவிழாவுக்கு. அத்தை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். போட்ட முடிச்சை யார் அவிழ்ப்பது. ஆவுடை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள். நாளெல்லாம் ஊர்க் கைகள் அவள் முன்னால் நீண்டுகொண்டே இருக்கும். கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அவளுக்குக் கொழுப்பு தெரியும், சர்க்கரை தெரியும், ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும். இதெல்லாம் தெரிந்தும் அத்தை சொன்னது ராத்திரியில் மட்டும் நிஜமாகிவிடும். அவர் தூங்குகிற தூக்கம் அப்படி. மல்லாந்து, கையை மடக்காமல், மூச்சே தெரியாமல். அவள் எழுந்து உட்கார்ந்து அவர் வயிற்றில் கையை வைத்துப் பார்ப்பாள். அங்கே மெல்ல ஏறி இறங்கும். அடிவயிற்றால் மூச்சு விடுவதை அவள் மேடைக்குக் கற்றுக்கொண்டதே அங்கேதான், யாரிடமும் சொன்னதில்லை. அவர் கிடக்கையில் இவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். இவள் கிடக்கிறதை அவர் ஒருதடவைகூட வந்து பார்த்ததில்லை.

அவர் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. நாடகம் இருக்கிற நாளில் பேச்சு குறைந்துவிடும், அவ்வளவுதான். முடிகிற நேரத்துக்கு பைக்கை எடுத்துக்கொண்டு வருவார், வாசலுக்கு வெளியே எதிர்க்கடை ஓரம் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்பார். உள்ளே வரமாட்டார். அண்ணாச்சி அதற்கு ஒரு கேலி வைத்திருந்தார்: ‘வேஷமே கட்டாதவனுக்குப் பலவேசம்னு பேரு, வேஷங் கட்டுதவளுக்கு ஆவுடைன்னு பேரு, பேரை மாத்தி வச்சிட்டானுவ.’ அதையும் கேட்டு ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்துக்கொள்வார். நேற்று ராத்திரிதான், மாத்திரையை விழுங்கிவிட்டு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, “இதோட விட்டிருவியா ஆவுடை” என்று கேட்டார். அதட்டிக் கேட்டிருந்தால் அதட்டிப் பதில் சொல்லியிருக்கலாம். கடையில் மீந்துபோன பன்னை வீட்டுக்குக் கொண்டு வரட்டுமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். நாளைக்கு அரிசி போட ஒருத்தரும் வரவில்லை என்றால் விட்டுவிடுகிறேன் என்றாள். அதென்ன அரிசி என்று கேட்டார். அவள் பிணமாய்க் கிடக்கிறாள் என்பதைத் தவிர, அதுவரை அவருக்கு நாடகத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. அவள் முழுக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். ‘யாராவது வந்துட்டா?’ என்றார். வந்துவிட்டால் விடமாட்டேன் என்றாள். சரி என்று சொல்லி விளக்கை அணைத்தார். எதற்கு அப்படிச் சொன்னோம்? தன் வாழ்க்கையைக் கொண்டுபோய் யாரோ முன்பின் தெரியாதவன் விரலில் ஒரு சிட்டிகை அரிசியாக வைத்துவிட்டோமே. மழை இன்னும் கூடியது. ஜோயல் கத்த வேண்டியிருந்தது. கத்தினால் அவனுக்கு வசனம் மறக்கும். மறந்தான். இளைய மகன் வேஷம் போட்டவன் அடுத்த வசனத்தை முந்தி எடுத்துவிட, நடுவில் வர வேண்டிய நகைச் சண்டை அப்படியே விழுந்துபோயிற்று. நகைச் சண்டை விழுந்தால் அரிசி சீக்கிரம் வந்துவிடும். சீக்கிரம் வேண்டாம். மழை கொஞ்சம் நின்றால், வெளியே ஒதுங்கி நிற்கிறவர்கள் நான்குபேர் உள்ளே வரலாம். இல்லை, மழை நின்றால் உள்ளே ஒதுங்கினவர்கள் வெளியே போய்விடுவார்கள். எது நல்லது, மழை பெய்வதா நிற்பதா. பிணம் மழையைப் பற்றிக் கவலைப்படலாமா.

மெர்சி ஒப்பாரி எடுத்தாள். அந்தப் பிள்ளை எடுத்தால் மழையும் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும். தலைமாட்டில் குனிந்து அழுகையில் அவளுடைய கண்ணீர் நிஜமாகவே ஆவுடையின் நெற்றியில் சொட்டும். அடுத்த வாரம் மெட்ராஸ் போகிறாள், சீரியலில் தங்கச்சி வேஷம் கிடைத்திருக்கிறது. யக்கா, அண்ணாச்சிட்ட நீங்க சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு என்று அவள் கெஞ்சி, ஆவுடைதான் போய்ச் சொன்னாள். அண்ணாச்சி கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு மெர்சியைக் கூப்பிட்டு, ‘போயிட்டு வா ஏட்டி, அங்கயும் அழத்தான் சொல்லுவான், இங்க பழகுனது வீண்போவாது’ என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு ஒத்திகையில் மூன்றுதடவை வசனம் தவறினவர் அவர்தான். ஒவ்வொருத்தராகப் போனார்கள். ஒருத்தன் துபாய்க்கு, ஒருத்தி கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்கு, ஒருத்தன் எங்கேயும் போகாமலே, போனை எடுக்காமல். இருக்கிறவர்களை வைத்து எழுதி எழுதி, கடைசியில் நாடகத்தில் நடுமகன் என்று ஒருவன் இல்லாமலே போய்விட்டான். மூன்று பிள்ளைகள் மிஞ்சினார்கள். நாளைக்கு ஒன்றும் மிஞ்சாவிட்டால் பிணம் மட்டும் தனியாகக் கிடக்கும். அப்போதும் கிடப்பேனா? கிடப்பேன் என்றுதான் தோன்றியது. ஏனென்றால் நாசரேத் ஊரில் போட்டபோது ஒரு ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான் என்று மெர்சி பிறகு சொன்னாள், ஆவுடைக்கு அவனுடைய கைதான் தெரியும். சிட்டிகை அரிசியை வாயில் வைத்தவன் கையை எடுக்கவில்லை. விரல் உதட்டிலேயே நின்றது. அப்புறம் அப்படியே அவள் காலில் விழுந்துவிட்டான். சவூதியில் இருக்கையில் அவன் தாய் இறந்துபோனாளாம், அவனுக்கு லீவு கொடுக்கவில்லையாம், வந்து பார்க்கையில் குழிமேல் புல் முளைத்துவிட்டதாம். வரிசை அப்படியே நின்றது. ஒருத்தரும் அவனைத் தூக்கவில்லை, அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவள் கட்டின கால்விரல்களுக்கு மேல் அவன் நெற்றி சுட்டது. ஊசி குத்துகிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஊர், இங்கே வந்து முகத்தைப் பார்த்து அழுகிறது. அந்த மனுஷனுக்கு அன்றைக்கு ஒரு தாய் செத்தாள், அவன் அரிசி போட்டான். அதை அவனுக்கு யார் கொடுத்திருக்க முடியும்? இதை அத்தையிடம் சொன்னால், கண்டவன் அம்மைக்கு நீ எதுக்குச் சாவணும் என்பாள். அத்தை கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நியாயம் எல்லாப் பக்கமும்தான் இருக்கிறது, மூக்கு மட்டும்தான் ஒரு பக்கம் அரிக்கிறது.

இன்னொரு பயம் இருந்தது, அதைத் தொடக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க முடியாமல் போய்விட்டால்? முதல் தடவை செத்தபோது அப்படித்தான் ஆயிற்று. வசனத்தைச் சொல்லி மறுபடி படுத்தவளால், விளக்கு அணைந்தும் எழ முடியவில்லை, கை கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அண்ணாச்சி ஓடிவந்து, ‘ஏ ஆவுடை, எந்திரி தாயி’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார், உடனே உடம்பு திரும்பி வந்தது. அன்றிலிருந்து குழுவில் ஒரு சட்டம். அவள் பெஞ்சில் படுத்துக் கால்கட்டுப் போட்டாயிற்று என்றால் எவரும் அவள் பெயரை உச்சரிக்கக் கூடாது, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதானாலும் ‘அம்மா’தான். எல்லாம் முடிந்து இருட்டின பிறகு அண்ணாச்சி வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் பிறகு ஒரு நொடியும் கிடக்கக் கூடாது, எழுந்துவிட வேண்டும். பெயரைக் கேட்ட பிறகும் கிடக்கிறது நிஜப் பிணம் மட்டும்தான் என்பார் அண்ணாச்சி. இத்தனை வருஷத்தில் அவள் உடம்பு அதற்கு நன்றாகப் பழகிவிட்டது, பெயர் காதில் விழுந்ததும் முதுகு தானே நிமிரும். அண்ணாச்சிக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் வராமல் போனால் யார் கூப்பிடுவார்கள்? பாயைச் சுருட்டிவிட்டால் யார் கூப்பிடுவார்கள்? இன்றைக்குச் செத்து எழுந்ததோடு சரி என்று ஆகிவிட்டால், அதற்கப்புறம் ஊசி, கை, ஊசி, கை, அத்தையின் இட்லி, அவர் வயிறு ஏறி இறங்குகிறதா என்று இருட்டில் பார்த்துக்கொண்டு. கேஸை அணைத்தோமா? பால் சட்டியை இறக்கினது நினைவு இருக்கிறது, குமிழைத் திருகினது நினைவில் இல்லை. திருகியிருப்போம். கை தானாகத் திருகியிருக்கும். தட்டு கணீர் என்றது. அண்ணாச்சியின் மோதிரம் பித்தளையில் பட்ட சத்தம். அதற்குள்ளா?

“வாய்க்கரிசி போடுதவங்க வந்து போடலாம்.”

மழைக்கு மேல் எழும்பின குரல், கொஞ்சம் உடைந்து எழும்பியது. பிறகு ஒன்றும் இல்லை. தகரத்தில் மழை. இருமல்காரன் இருமினான். பரவாயில்லை, முதலில் எவரும் வரமாட்டார்கள், கொஞ்ச நேரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். பார்க்கட்டும். போன் ஒன்று பாட்டாய் ஒலித்து, அவசரமாக அடங்கியது. அண்ணாச்சி இன்னொரு தடவை கூப்பிட்டார். உள்ளவங்க வாங்க, நம்ம தாய்தான், வந்து போடுங்க. நாடகத்தில் இல்லாத வசனம் அது. அவர் கெஞ்சுகிறார் என்பது ஆவுடைக்குப் புரிந்தது, கீழே இருக்கிறவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ. கோவில்பட்டி வந்துவிட்டது. அதே அமைதி, அதே பெஞ்சு, அதே உதடு. யாராவது சிரிக்கப் போகிறான், இதோ இப்போது சிரிக்கப் போகிறான். வாருங்கள். ஒருத்தர் வந்தால் போதும், குடையை உதறினவராவது வரலாமே, உங்கள் வீட்டில் யாரும் செத்ததே இல்லையா. மெர்சியின் கால் பலகையில் நகர்ந்தது, அவள் சமாளிக்க வரப் போகிறாள். வராதே ஏட்டி, இது உன் கணக்கு இல்லை. ஆவுடை தன்னை அறியாமல் நெஞ்சால் மூச்சு விட்டாள், உடனே இறக்கினாள். கோடிச் சேலை அசைந்திருக்கும். அசைந்தால் அசையட்டும். விட்டுவிடலாம். வீட்டுக்குப் போய் விட்டுவிட்டேன் என்று சொல்லலாம், அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார், அத்தை சுவரிடம் நல்லதாய்ப் போச்சு என்பாள். அவ்வளவுதான், ஒன்றும் இடிந்துவிடாது. இடிகிறதுக்கு என்ன இருக்கிறது, ஒரு பெஞ்சும் பாயும். அப்போதுதான் மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து ஈரச் செருப்பின் சத்தம் கேட்டது.

சதக், சதக். நடக்கப் பிரியமில்லாத கால் நடக்கிற மாதிரி, நின்று நின்று. படியில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். மேடைப் பலகை அழுந்தியது. தட்டில் விரல் அரிசியைத் துழாவுகிறது. வந்துவிட்டார்கள், யாரோ, நீ நன்றாக இருக்க வேண்டும், யார் பெற்ற பிள்ளையோ. உதடு, உதட்டைச் சரியாக வை. தலைக்கு மேல் ஒரு ஆள் குனிகிற சூடு. மழைத் தண்ணீர் ஒரு சொட்டு கழுத்தில் விழுந்தது. அதோடு வாசனையும் வந்தது. வெண்ணெயும் கருகின சீனியும் வெனிலா எசன்ஸும் கலந்த வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாசனை. ஆவுடையின் உடம்பு முழுக்க ஒரே ஒரு நினைப்பாக நின்றது. இவரா? ஹெல்மெட்டை எங்கே வைத்தார்? மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்திருப்பார், கடைசியில் நின்றிருப்பார். ஒருத்தரும் வராமல் இருந்தால் போதும், அவர் கேட்டது கேட்ட மாதிரி கிடைத்திருக்கும், சும்மா நின்றிருந்தால் போதும். அந்தக் கை அவள் வாய்க்கு மேல் வந்து நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. விரல்களுக்கு நடுவில் அரிசி ஒன்றோடொன்று உரசுகிற சன்னச் சத்தம்கூடக் கேட்டது. கட்டினவள் வாயில், அவள் உயிரோடு இருக்கையில், எந்த மனுஷனால் போட முடியும். பயந்த ஆள், ஸ்டென்ட் வைத்த நெஞ்சு, இந்த இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? போய்விடுங்கள், போட வேண்டாம், இறங்கிப் போய் உட்காருங்கள் என்று அவள் இமைக்குள்ளிருந்து கத்தினாள். அவர் போகவில்லை. குனிந்தார். மழைச் சத்தத்தில் அடுத்திருந்தவர்களுக்கும் கேட்காத குரலில், அவள் காதோரம், “ஒருத்தரும் வரலையே, ஆவுடை” என்றார்.

பெயர். முதுகுத் தண்டில் இழுத்தது. தோள்பட்டை பாயிலிருந்து ஒரு நூல் அளவு எழும்பிவிட்டது. அவள் அதைப் பிடித்து, அடக்கி, திரும்பப் பாயில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் செய்த நடிப்பில் அதுதான் பெரிய நடிப்பு, அதை எவரும் பார்க்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. பிணம் அழக் கூடாது. நீரே, உள்ளே போ. அப்போது அவள் வலது கையை அவர் தொட்டார். அடுப்புச் சூடு தாங்கித் தாங்கித் தோல் காய்த்த விரல்கள். கோடிச் சேலைக்கு மேல் கிடந்த அவள் கையைத் திருப்பி, உள்ளங்கையை விரித்து, வாயில் போட வேண்டிய அரிசியை அதில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். அந்தியில் கைமாற்று வாங்க வந்த அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுக்கிற மாதிரி, உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி. பிறகு ஈரக் கால் பலகையில் பதியப் பதிய நடந்து, படி இறங்கி, செருப்பைத் தேடினார்.

அவர் செய்தது தப்பு. வாய்க்கரிசியைக் கையில் வைக்கிற ஊர் எங்கேயும் கிடையாது. ஆனால் கீழே இருந்தவர்களுக்கு இந்த நாடகத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று தோன்றிவிட்டது. நாற்காலி ஒன்று நகர்ந்தது. இன்னொன்று நகர்ந்தது. இருமல் படியேறி வந்தது, நெருங்கி வந்து, மூடின அவள் விரல்களைப் பதமாகப் பிரித்து அரிசியை வைத்து, மறுபடி மூடிவிட்டுப் போனது. வாயில் போடுவதற்குப் பயந்தவர்களுக்குக் கையில் வைக்க என்ன பயம். வளையல் போட்ட கை ஒன்று வந்தது. சுண்ணாம்பு மணக்கிற கை வந்தது. ஊசி குத்திக் குத்தி அவளுக்குத் தெரிந்த கைகள்கூட இருந்தன, முழங்கைக்குக் கீழே எப்போதும் குழாய் அகப்படாத தபால்காரர் கை அதில் ஒன்று என்று சத்தியம் செய்வாள். ஒருத்தி வைத்துவிட்டு, ‘நல்லா இரு தாயி’ என்றாள். பிணத்தைப் பார்த்து நல்லா இரு என்றாள். பிடி நிறைந்து, விரல் இடுக்கில் வழிந்து, அரிசி மேடையில் சிதறி ஓடியது. வெளியே ஒதுங்கினவர்களும் வந்துவிட்டார்களோ, மழை நின்றுவிட்டதோ, எதுவோ, பலகை ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் மோதிரம் தட்டின் வெறும் அடியில் உரசும் சத்தம் கேட்டது. அவர் மூச்சு வாங்குகிறார் என்பதும் கேட்டது. அடுத்தது அவள்தான்.

சடாரென்று எழுந்தாள். கண்ணைத் திறந்ததும் வெளிச்சம் ஊசி மாதிரி குத்தியது. முன்னால் முகங்கள், ஒன்றுகூடத் திரும்பிக்கொள்ளாத முகங்கள். ஒரு வாய் சோறு கேட்டேனே என்று தொடங்க வேண்டும். வாயைத் திறந்தாள். வசனம் தெரிந்தது, மறக்கவில்லை, எழுத்துக்கூட்டி நாக்கு நுனியில் நின்றது. ஆனால் கை நிறைய அரிசி இருந்தது. இத்தனைபேர் வந்து கொடுத்த அரிசியைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தராவது தந்தியளா என்று எந்த வாயால் கேட்பது? ஜோயலின் கண்ணில் பீதி ஏறியது. பக்கத் திரை ஓரம் அண்ணாச்சி வசனத்தின் முதல் சொல்லை உதட்டால் எடுத்துக்கொடுத்தார். அவள் பார்த்தாள், எடுத்துக்கொள்ளவில்லை. பிடித்த பிடியை மெல்ல நீட்டினாள், தலைமாட்டில் நிற்கிற மூத்த மகனைப் பார்த்து.

“உலை வையி” என்றாள்.

ஜோயலுக்கு அதற்கு வசனம் கிடையாது. பிறகு வாத்தியார் குரல் எல்லாம் போய், வீட்டில் பேசுகிற குரலில், ‘சரிம்மா’ என்று சொல்லி இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினான். ஏந்தினவன் அழுதான், விசில் சத்தம் அதில் இல்லை. அவள் பாதி அரிசியை அவன் கையில் விட்டாள், மீதியை விட மனசு வரவில்லை. இனி அவள் படுக்க வேண்டும், படுத்தால்தான் விளக்கு அணையும். விளக்குக்காரன் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான், எல்லாரும் காத்திருக்கிறார்கள். அவள் கடைசி வரிசைக்குப் பின்னால் பார்த்தாள். தூணோரம், தலையில் தண்ணீர் சொட்ட, ஹெல்மெட்டைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நின்றார். படுக்கலாமா? பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்றே. கூப்பிட்ட பிறகு ஒரு நொடியும் கிடக்கக் கூடாது. ஆவுடை குனிந்து, மீந்த அரிசி சிந்தாமல் ஒரு கையை மூடிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கால்விரல் கட்டை அவிழ்த்தாள். காலைத் தொங்கவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்புறம் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆற அமர, மூக்கைச் சொறிந்துகொண்டாள்.